காபி போன்ற ஊக்க மாத்திரைகளை அளந்தும் நேரம் பார்த்தும் எடுத்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

காபி குடித்த பிறகும் கண் சொக்குகிறது என்று சொல்பவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தது பழைய வழக்கம். இப்போது அந்த இடத்தில் ஒரு டப்பா மாத்திரை வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இரவுப் பணி பார்ப்பவர்களும், அண்ணா நகரில் அறை எடுத்துத் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும், விடியற்காலையில் ஜிம்முக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு ஓடுபவர்களும் இதை வாங்குகிறார்கள். டப்பாக்களின் மேல் எல்-தியனின், தியாக்ரின், மெத்தில்லிபெரின், பாராசாந்தின் என்ற பெயர்கள் இருக்கின்றன. காபியின் பலன் கிடைக்கும், படபடப்பு வராது, பழக்கமாகிவிடாது என்ற மூன்று வாக்குறுதிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது.

நான் மருத்துவன் அல்லன். ஆறு ஆண்டுகள் மாலை ஆறரைக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரைக்கு முடியும் பணியில் இருந்தவன் என்ற முறையிலும், அந்த ஆண்டுகளில் செய்த தவறுகளுக்குப் பிறகு இவற்றைப் பற்றிப் பொறுமையாகப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். எந்த மாத்திரை சிறந்தது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் உடலில் ஏற்கெனவே எவ்வளவு காஃபீன் ஓடுகிறது, அது எத்தனை மணிக்கு வெளியேறும் என்ற கணக்குத் தெரியாதவருக்கு எந்த மாத்திரையும் சரிவராது. கணக்குத் தெரிந்தவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது.

உடலுக்குள் நடப்பது

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் அமரும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீனின் வடிவம் அடினோசினின் வடிவத்தை ஒத்திருப்பதால் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது இது. துண்டு கிடக்கும் வரை அடினோசின் நின்றுகொண்டுதான் வர வேண்டும். ஆனால் அது பேருந்தைவிட்டு இறங்கிவிடவில்லை, வழியில் இன்னும் பலர் ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள். துண்டை எடுத்த கணத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள். மூன்று மணிக் காபியின் பலன் தீர்ந்த பிறகு வரும் அசதி, குடிக்காமலேயே இருந்திருந்தால் வந்திருக்கும் அசதியைவிடப் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். காஃபீன் புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. சோர்வு தெரியாமல் சிறிது நேரம் மறைக்கிறது, அவ்வளவே.

குடித்த காஃபீன் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. பிறகு கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி அதைச் சிதைக்கத் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இதையே அரை ஆயுட்காலம் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறுபடும். புகைபிடிப்பவர்களுக்கு விரைவாகக் குறைகிறது, கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகிறது, கர்ப்பத்தின் பிற்பகுதியில் பதினைந்து மணி நேரம்வரைகூட நீள்கிறது. மாலை நான்கு மணிக்கு நூறு மில்லிகிராம் காஃபீன் உள்ள காபியைக் குடித்தவரின் உடலில் இரவு ஒன்பதுக்கு ஐம்பதும், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு இருபத்தைந்தும் மீந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னதாக எடுத்த 400 மி.கி. காஃபீனும் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பெரிய அளவுதான். ஆனால் நாள் முழுவதும் குடிப்பதைக் கூட்டிப் பார்த்தால் நம்மில் பலர் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

முதற்படி: வீட்டுக் காபியைக் கணக்கெடுத்தல்

மாத்திரை வாங்கும் முன் ஒரு வாரம் வரவு எழுத வேண்டும். டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். வீட்டு டபராவில் யாரும் அச்சிடுவதில்லை. ஆகவே கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

பில்டர் காபியின் வலிமையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை கிராம் தூள், அதில் சிக்கரி எவ்வளவு, கொட்டை எந்த வகை. சிக்கரியில் காஃபீன் கிடையாது. சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி, அந்த விகிதம் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அராபிகா கொட்டையில் எடைக்கு ஏறக்குறைய 1.2 விழுக்காடும், ரொபஸ்டாவில் ஏறக்குறைய 2.2 விழுக்காடும் காஃபீன் உண்டு. நம் தெருமுனைக் கடைகளில் பீபெரியும் பிளான்டேஷனும் ரொபஸ்டாவும் கேட்ட விகிதத்தில் கலந்து அரைத்துத் தருவதால், சராசரியாக ஒன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. இரண்டு பேருக்கு இருபது கிராம் தூள் போடும் வீட்டில், எண்பதுக்கு இருபது என்ற கலவையென்றால் பதினாறு கிராம் காபி இருக்கிறது. அதில் காஃபீன் ஏறக்குறைய 240 மி.கி. அதில் பெரும்பகுதி முதல் டிகாக்ஷனிலேயே இறங்கிவிடும் என்பதால், ஆளுக்கு நூறு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கிடைக்கிறது. அறுபதுக்கு நாற்பது கலவையில் இது எண்பதுக்கு அருகில் நிற்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்ஷன், நாக்குக்குக் கசந்தாலும் காஃபீன் கணக்கில் ஏழைதான். மாமியார் மூன்று மணிக்கு இரண்டாம் டிகாக்ஷனில் குடித்துவிட்டு ஒன்பதரைக்கே உறங்கிவிடுவதன் இரகசியம் அதுவாக இருக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் இதை ஒட்டியே சொல்கின்றன. 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி., அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மி.கி., தேநீரில் 30 முதல் 65 மி.கி. என்பது அதன் கணக்கு. நாளொன்றுக்கு 300 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறது அந்த நிறுவனம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல், உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400, ஒரே வேளையில் 200, கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதும் சேர்த்தே 200 மி.கி. என்று வரையறுத்தது. இரண்டில் நம் நாட்டு எண்ணையே நான் பின்பற்றுகிறேன். சராசரி உடல் எடையை நினைத்தால் அது நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எழுதும்போது சில வரவுகள் விட்டுப்போகும். அலுவலக இயந்திரக் காபி, பெட்டிக்கடைத் தேநீர், கோலா ஆகியவற்றோடு, எனர்ஜி பானங்களையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் இவற்றில் லிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் கூடாது என்பதால் 250 மி.லி. டப்பாவில் அதிகபட்சம் 75 மி.கி. இருக்கும். தலைவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு, சிலவற்றில் ஒன்றுக்கு 50 மி.கி. வரை. என் பணித் தோழர் ஒருவர் காபியையே விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே நாளுக்கு மூன்று தலைவலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரக் கணக்கில் சராசரி 300-ஐத் தொட்டுவிட்டால், இந்த வழிகாட்டியின் மற்ற படிகளுக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை கூடுதல் ஊக்கம் அல்ல. இருக்கும் காபியை முன்னேரத்துக்கு நகர்த்துவதும் குறைப்பதும்தான்.

இரண்டாம் படி: எடுக்கக் கூடாதவர்கள்

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், பதற்ற நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரைகள் வேண்டாம். காபியைப் பற்றி நமக்கு நூற்றாண்டுக் கணக்கில் பழக்க அறிவு இருக்கிறது. தியாக்ரின் போன்றவற்றைப் பற்றி இந்தத் தரப்பினரிடம் சோதித்த அறிவு இல்லை.

மருந்துகளோடு மோதுவது இதைவிடக் கவனிக்க வேண்டியது. ஆஸ்துமாவுக்கும் நெஞ்சுச் சளிக்கும் நம் ஊரில் இன்றும் எழுதித்தரப்படும் தியோபிலின், காஃபீனின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். இரண்டும் சேர்ந்தால் படபடப்பும் வாந்தியும் வரக்கூடும். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பரவலாகத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், மனநோய் மருந்தான ஃப்ளுவாக்சமின் ஆகியவை காஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், வழக்கமான இரண்டு டம்ளரே நான்கு டம்ளரின் வேலையைச் செய்யும். கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் தந்த ஊக்க மருந்தை எடுப்பவர் அதன் மேல் இதையும் சேர்க்கக் கூடாது. சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது எடுக்கும் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் இந்த மாத்திரைகளுக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காபி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரத்தசோகை உள்ளவர்கள் காபியையும் தேநீரையும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தவிர்ப்பது நல்லது, இரும்புச்சத்துச் சேர்வதை அவை தடுக்கின்றன.

மூன்றாம் படி: பொருளைத் தேர்ந்தெடுத்தல்

இங்குதான் நிதானம் வேண்டும். ஒரே அலமாரியில் இருந்தாலும் இந்தப் பொருள்கள் உடலில் தங்கும் நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

எல்-தியனின் ஊக்கப் பொருளே அல்ல. தேயிலையில் இயற்கையாக உள்ள அமினோ அமிலம் இது. 1949-இல் ஜப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தனியாக எடுத்தால் சற்று அமைதி தரும், தூக்கத்தை வரவழைக்காது. ஐம்பது மில்லிகிராம் காஃபீனோடு நூறு மில்லிகிராம் தியனின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில், கவனத்தை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டிய வேலைகளில் துல்லியம் கூடியதாகவும் கவனச்சிதறல் குறைந்ததாகவும் தெரிய வந்தது. பலன் பெரிதல்ல. ஆனால் இந்த வரிசையில் ஆய்வுகள் ஓரளவு ஒரே திசையைக் காட்டுவதும், விலை குறைவாக இருப்பதும், தவறு நேர்ந்தால் விளைவு சிறிதாக இருப்பதும் இந்தச் சேர்க்கையில்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதை மட்டுமே. காஃபீன் பங்கை மாத்திரையாக வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. அரை டம்ளர் பில்டர் காபியோடு நூறு மில்லிகிராம் தியனின் விழுங்கினால் கணக்கு அதேதான்.

தியாக்ரின், சீனாவின் யுன்னான் பகுதியில் விளையும் குச்சா என்ற கசப்புத் தேயிலையில் உள்ளது. காஃபீனோடு ஓர் ஆக்சிஜனும் ஒரு மெத்தில் தொகுதியும் கூடுதலாகச் சேர்ந்த அமைப்பு அதற்கு. பழக்கமாகாது என்ற விளம்பரம் பெரும்பாலும் 2016-இல் வெளியான ஓர் ஆய்வைச் சுட்டியே எழுகிறது. உடல்நலமுள்ள அறுபது பேருக்கு எட்டு வாரம் தினமும் 200 அல்லது 300 மி.கி. கொடுத்ததில், பாதுகாப்பு அளவீடுகளில் கவலைப்படும்படி எதுவும் தென்படவில்லை, பலனும் வாரங்கள் கடந்து மங்கவில்லை என்றது அந்த ஆய்வு. அறுபது பேர், எட்டு வாரம். ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கப்போகிறவருக்கு இது போதுமான உத்தரவாதமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது அதன் அரை ஆயுட்காலம். காஃபீனுக்கு ஐந்து மணி என்றால் தியாக்ரினுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம். திங்கள் காலை எட்டு மணிக்கு நூறு மில்லிகிராம் எடுத்தால், செவ்வாய் காலை அடுத்த மாத்திரையை எடுக்கும்போது பழையதில் நாற்பதுக்கு மேல் மீந்திருக்கும். தினமும் எடுத்துவந்தால், வார இறுதிக்குள் காலை மாத்திரைக்குப் பின் உடலில் இருப்பது நூறு அல்ல, நூற்றெழுபத்தைந்துக்கு அருகில். மூன்றாம் நாள் முதல்தான் நன்றாக வேலை செய்கிறது என்று சிலர் மகிழ்வதற்கும், நான்காம் நாள் முதல் தூக்கம் போயிற்று என்று வேறு சிலர் வருந்துவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

மெத்தில்லிபெரின் நேர்மாறானது. அதன் அரை ஆயுட்காலம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. வந்த வேகத்தில் போய்விடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்லாமல் விடும் பாதி இது: 2022-இல் வெளியான ஆய்வில் காஃபீனோடு சேர்த்துக் கொடுத்தபோது, காஃபீனின் அரை ஆயுட்காலம் ஏழு மணி நேரத்திலிருந்து பதினைந்துக்கு நீண்டது. காஃபீனைச் சிதைக்கும் நொதியின் வேலையை அது தடுப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. அதாவது மெத்தில்லிபெரின் போய்விடும், நீங்கள் அதோடு குடித்த காபி போகாது. காலை எட்டு மணிக் காபியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்பது எனக்குப் புதிராகவே இருக்கிறது. காபி குடிக்கும் ஊரில் இருக்கும் நமக்கு இது ஒத்துவராது என்பது என் தீர்ப்பு.

பாராசாந்தின் வெளியிலிருந்து வந்த புதுமை போலத் தோன்றினாலும், நாம் குடிக்கும் காஃபீனில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு உடலுக்குள் அதுவாகத்தான் மாறுகிறது. மீதியில் சிறுபகுதி சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினாகவும், இன்னும் சிறுபகுதி முன்னே சொன்ன தியோபிலினாகவும் மாறும். தனியாக எடுத்தால் படபடப்புக் குறைவு என்கிறார்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இன்னும் சிலவே. குவாரானா என்ற பெயரைக் கண்டால் மயங்க வேண்டாம். அந்த விதையின் ஊக்கம் காஃபீன்தான், வேறு பெயரில்.

நான்காம் படி: லேபிளைப் படித்தல்

முன்பக்கத்தைப் பார்க்காமல் டப்பாவைத் திருப்புங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியே மில்லிகிராமில் இருக்க வேண்டும். ஐந்தாறு பொருள்களைக் கூட்டி, எங்கள் தனிக்கலவை 1,500 மி.கி. என்று ஒரே வரியில் முடித்திருந்தால், அதில் காஃபீன் ஐம்பதா முந்நூறா என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். காஃபீன் அன்ஹைட்ரஸ், பச்சைத் தேயிலைச் சாறு, குவாரானா ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தால் மூன்றையும் கூட்ட வேண்டும்.

தூளாக, அளவுக் கரண்டி இல்லாமல் விற்கும் தூய காஃபீனை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஒரு தேக்கரண்டியில் மூன்று கிராமுக்கு மேல் பிடிக்கும்; அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான 1,200 மி.கி. வேகமாக உள்ளே போனாலே வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. சமையலறைக் கரண்டியின் நுனியளவு வேறுபாட்டில் உயிர் தொங்கும் பொருளை அளந்து சாப்பிடும் திறமை நமக்கு வேண்டாம்.

இதை எழுதக் காரணம் உண்டு. வேளச்சேரிப் பக்கத்தில் நான் போய்வந்த ஒரு ஜிம்மில், உடற்பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லி, பெரிய டப்பாவிலிருந்து பொட்டலம் கட்டிய தூள் தந்தார்கள். பெயரும் இல்லை, பட்டியலும் இல்லை. வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருபதாவது நிமிடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரல்கள் நடுங்கி, ஷூ கயிற்றைக்கூட அவிழ்க்க முடியவில்லை. மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிட்டீர்கள் என்பது. அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஐந்தாம் படி: முதல் சோதனை

வேலையில்லாத நாளில், சாப்பிட்ட பின், காலை பதினொரு மணிக்குள் தொடங்குங்கள். அன்று வேறு காபி, தேநீர் கிடையாது. காஃபீன் 50 மி.கி., தியனின் 100 மி.கி. போதும், வாங்கிய மாத்திரையில் காஃபீன் 200 மி.கி. என்றால் கால் பங்காக உடைக்க வேண்டும், கேப்ஸ்யூலாக இருந்தால் அந்த டப்பா தொடங்குபவருக்கானது அல்ல. எடுக்கும் முன்பும், ஒரு மணி நேரம் கழித்தும், நான்கு மணி நேரம் கழித்தும் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். வீட்டில் அழுத்தமானி இருந்தால் இரத்த அழுத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். அன்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், இடையில் விழித்தீர்களா என்பதை மறுநாள் காலை மறக்காமல் குறிக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று முறை மட்டும். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருளுக்கு மேல் சேர்த்தால், எது செய்தது என்று பிறகு சொல்ல முடியாது.

கவனம் கூடியதா என்பதை உணர்வை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஊக்கம் ஏறியவருக்குத் தான் செய்யும் எல்லாமே சிறப்பாகத்தான் தோன்றும். படிப்பவர் என்றால், ஒரு மணி நேரத்தில் எத்தனை வினா சரியாகப் போட்டீர்கள் என்று எடுத்த நாளுக்கும் எடுக்காத நாளுக்கும் ஒப்பிடுங்கள். எனக்கு இரண்டு நாள்களுக்கும் வேறுபாடு தெரிந்தது, ஆனால் நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. நன்றாகத் தூங்கிய நாளுக்கும் தூங்காத நாளுக்கும் இருந்த வேறுபாடு அதைவிடப் பெரிது.

தேர்வு நாளன்று முதன்முறையாக எதையும் முயலாதீர்கள். காஃபீன் குடலையும் தூண்டும் என்பதைத் தேர்வுக்கூட வாசலில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறாம் படி: நேரம்

பகல் வேலைக்காரருக்கு விதி எளிது. படுக்கும் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். அதுவே கடைசி வேளை. பத்தரைக்குப் படுப்பவருக்கு இரண்டரை மணியோடு காபிக் கடை சாத்தியாயிற்று. மாலை நாலரைக் காபி நம் ஊரில் பானம் என்பதைவிடச் சடங்கு. அதை விட முடியாதவர்கள் காலை மாத்திரையை விட்டுவிட்டு, மாலையில் இரண்டாம் டிகாக்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம். எழுந்ததிலிருந்து தொண்ணூறு நிமிடம் கழித்துத்தான் காஃபீன் எடுக்க வேண்டும் என்று அண்மைக்காலமாகப் பரவும் அறிவுரைக்கு உறுதியான சான்று இல்லை. காலை ஆறு மணிக் காபியைத் தள்ளிப்போட்டு வீட்டில் சண்டை வாங்க வேண்டாம்.

இரவுப் பணியில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். ஆறரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்து, ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்து படுப்பவரின் எட்டு மணி நேரக் கோடு இரவு ஒன்பது மணியில் விழுகிறது. ஆனால் உடல் சோர்ந்து விழுவது விடியற்காலை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எந்த மாத்திரையாலும் முழுதாக மூட முடியாது. ஆறு ஆண்டுகளில் எனக்கு ஒத்துவந்தது ஒன்றுதான். பணி தொடங்கும்போது 50 மி.கி., ஒன்பது மணிக்கு இன்னொரு 50. பிறகு ஒன்றும் இல்லை. உணவு இடைவேளையில் இருபது நிமிடம் ஓய்வறையில் கண்ணை மூடிக் கிடத்தல். மீதிச் சோர்வை நடந்தும் முகம் கழுவியும் பேச்சுக் கொடுத்தும் சமாளிக்க வேண்டும். நள்ளிரவு ஒன்றரைக்கு 200 மி.கி. எடுத்த நாள்களில் பணி நன்றாகத்தான் போயிற்று. வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே கீரைக்காரம்மாவின் குரல் கேட்கும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தூக்கக் கடனோடு மறுநாள் 300 தேவைப்பட்டது.

தானே வண்டி ஓட்டித் திரும்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. கண் சொக்கும்போது மாத்திரையை விழுங்கியவுடன் வண்டியை எடுக்காதீர்கள். அது வேலை செய்யத் தொடங்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இருபது நிமிடத்தை வண்டியை ஓரங்கட்டித் தூங்கப் பயன்படுத்துங்கள். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அப்படியும் தலை தொங்கினால் ஆட்டோதான்.

சித்திரை வெயிலில் வெளியே அலைபவர்கள் இவற்றை வெறும் வயிற்றிலும் தாகத்தோடும் எடுக்கக் கூடாது. படபடப்பு மாத்திரையாலா, நீர்ச்சத்துக் குறைவாலா என்று அந்த நேரத்தில் பிரித்தறிய முடியாது.

ஏழாம் படி: பழக்கமும் நிறுத்தமும்

காஃபீனைத் தினமும் எடுத்தால் மூளை கூடுதல் ஏற்பிகளை உருவாக்கிக்கொள்கிறது. பேருந்தில் இருக்கைகள் கூடக்கூட அதே அளவு துண்டு போதாமல் போகிறது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் மாத்திரை வேண்டாம், இரண்டு நாள் தொடர்ச்சியாக வேண்டாம் என்பது நான் வைத்துக்கொண்டுள்ள எல்லை. அளவைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும் நாளே நிறுத்த வேண்டிய நாள் என்று டப்பாவின் மூடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நெஞ்சு வலி, சீரற்ற துடிப்பு, மயக்கம், நிற்காத வாந்தி, கை கால் வெட்டி இழுத்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் எடுத்துவந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், கடைசி வேளையிலிருந்து பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் ஒன்பது நாள்வரை நீடிக்கலாம். சோம்பலோ மன உறுதியின்மையோ என்று இதைத் தவறாக எண்ண வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு நோயறிதல் கையேட்டில் காஃபீன் நிறுத்தம் தனிப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்கு குறைத்தால் பெரும்பாலும் தெரியாமலே முடிந்துவிடும். பில்டர் காபியில் இது இன்னும் எளிது, தூள் கடையில் ஒவ்வொரு வாரமும் சிக்கரியைப் பத்துப் பத்தாகக் கூட்டிக் கேட்டு வாங்கினால் போதும், டம்ளர் நிறைந்தே இருக்கும். தியாக்ரின் எடுத்தவர்கள் நிறுத்திய பிறகும் மூன்று நான்கு நாள் அது உடலில் இருக்கும் என்பதால், அதற்குள் தூக்கம் சரியாகவில்லையே என்று பதற வேண்டாம்.

இந்த நாள்களில் தலை வலித்தால் மருந்துக் கடையில் வெறும் பாராசிட்டமால் என்று கேளுங்கள். தலைவலி மாத்திரை என்று மட்டும் கேட்டால், நிறுத்த முயலும் பொருளையே ஐம்பது மில்லிகிராம் சேர்த்துத் தந்துவிடுவார்கள்.